பத்தடி நீளம், ஆறடி அகலம்

ஆழ்துளைக் கிணறு தோண்ட வரும் திருச்செங்கோட்டு வண்டிகளைக் கண்டிராத வடநாட்டுத் தமிழர் அரியர். ஜாம்ஷெட்பூரிலிருந்து சாயிபாசா செல்லும் வழியில், ஏதேனும் ஒரு சால மரத் தோப்பின் ஓரமாக அவை இரண்டிரண்டாக நிற்கும். ஒன்று துளையிடும் பொறியைத் தாங்கியது. மற்றொன்று இரும்புத் தண்டுகளையும் டீசல் பீப்பாய்களையும் சுமப்பது. இரண்டாவது வண்டியை உற்றுப் பார்த்தால் அரிசி மூட்டையும் அடுப்பும் கொடியில் உலரும் வேட்டியும் கண்ணாடிச் சட்டமிட்ட முருகன் படமும் தெரியும். தமிழில் ஒரு சொல் பேசிவிட்டால் போதும், "நீங்க எந்தூருங்க?" என்ற கேள்வியோடு ஒரு தம்ளர் ரசம் கைக்கு வந்துவிடும். மாதக்கணக்கில் அந்த லாரியே அவர்களுக்குச் சமையலறை, படுக்கையறை, பூசையறை எல்லாம். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவர்களை நாங்கள் வழியில் சந்தித்து வருகிறோம். நாங்களும் ஒரு நாள் அவ்வாறு வாழத் திட்டமிடுவோம் என்று அப்போதெல்லாம் எண்ணியதில்லை.

வண்டிக்குள் குடித்தனம் நடத்துவது மேல்நாட்டாரின் புதுமை என்று பலர் கருதுகின்றனர். பெரும்பாணாற்றுப்படையைப் படித்த தமிழருக்கு அவ்வாறு கருத இடமில்லை. அதில் வரும் உமணரின் உப்பு வண்டியில் கோழிகள் தங்கும் கூடு உண்டு. காடி வைத்த கலம் உண்டு. கைக்குழந்தையை உடைய பெண்ணொருத்தி எருதுகளை ஓட்டிச் செல்கிறாள். ஔவையாரோ புறநானூற்றில், உமணர் தம் வண்டியின் அடியில் கட்டிக்கொண்டு போகும் மாற்று அச்சை அதியமான் மகன் பொகுட்டெழினிக்கு உவமையாக்கிவிட்டார். இன்று நாம் 'ஸ்டெப்னி' என்று அலட்சியமாகச் சொல்லும் ஒரு பொருள் அன்று ஒரு தலைவனின் புகழுக்கு உவமையானது என்பதைப் பஞ்சர் ஒட்டும் கடைகளில் எழுதிவைக்கலாம்.

எங்கள் வண்டி ஒரு டாட்டா 407. இவ்வூரில் வாழும் தமிழர்க்கு லாரியின் வரலாற்றை விரித்துரைக்க வேண்டியதில்லை. 1954இல் டெய்ம்லர் பென்ஸ் நிறுவனத்தோடு டெல்கோ கூட்டுச் சேர்ந்ததும், 1969இல் அக்கூட்டு முடிந்ததும், வண்டியின் மூக்கிலிருந்த மூன்றுமுனை நட்சத்திரம் மறைந்ததும் இங்கே வீட்டுக் கதைகள். 1980களில் டொயோட்டா, மாஸ்டா, மிட்சுபிஷி, நிசான் என ஜப்பானிய நிறுவனங்கள் இந்தியக் கூட்டாளிகளுடன் சிறு லாரிகளைக் கொண்டுவந்தபோது, அவற்றுக்கு ஈடாக 1986இல் டெல்கோ இறக்கியதே 407. நாங்கள் அதை 2004இல் வாங்கினோம். ஆதித்யபூரில் ஒரு பட்டறையில் பத்தடி நீளமும் ஆறடி அகலமும் உள்ள மூடிய தகரக் கூண்டு கட்டி, எங்கள் மின்பணி ஒப்பந்தத் தொழிலுக்கு வைத்துக்கொண்டோம். நோவாமுண்டி, குவா, கிரிபுரு என்று இரும்புக் கனிமச் சுரங்கங்கள் உள்ள ஊர்களுக்கெல்லாம் அது வெல்டிங் பெட்டியையும் கேபிள் உருளைகளையும் ஏணிகளையும் சுமந்து சென்றது. மகளுடைய திருமணத்துக்குச் சீர்ப் பாத்திரங்களைச் சுமந்ததும் அதுவே. சென்ற மாதம் கூண்டின் உட்தகடு ஒன்றைக் கழற்றியபோது இடுக்குகளிலிருந்து சிவப்பு மண் இரண்டு முறம் அளவுக்குக் கொட்டியது. அந்த மண் எத்தனை ஆண்டுச் சம்பாத்தியம் என்று கணக்கிட்டுப் பார்க்கத் தோன்றியது, பெருக்கித் தள்ளிவிட்டோம்.

பிள்ளைகள் இருவரும் வேறு தொழில்களில், வேறு ஊர்களில் இருக்கின்றனர். சென்ற ஆண்டு தொழிலை மூடினோம். கருவிகள் விலை போயின. வண்டிக்குப் பழைய இரும்பு வியாபாரி 60,000 ரூபாய் தருவதாகச் சொன்னார். கொடுத்திருப்போம். எங்கள் வீட்டுப் பெரியவர் தடுத்துவிட்டார்.

எங்களில் ஒருவருக்குத் தாயும் மற்றவருக்கு மாமியாருமான அவரை வீட்டில் எல்லாரும் அப்பத்தா என்றே அழைக்கிறோம். வயது 84. புதுக்கோட்டைக்கும் திருமயத்துக்கும் நடுவில் உள்ள ஒரு சிற்றூர் அவருடைய ஊர். அங்கே எங்களுக்கு ஐந்து பங்காளிகளுக்குப் பொதுவான ஓட்டு வீடு ஒன்று இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் மழையில் அதன் பின்கட்டுச் சுவர் சரிந்தது. எடுத்துக் கட்ட ஐவரும் ஒருமனப்படவில்லை. இனி ஒருமனப்படுவர் என்று தோன்றவுமில்லை. பங்காளி வழக்குகளைப் பற்றி அன்பர்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. மாசி மாதச் சிவராத்திரிக்குக் குலதெய்வம் கும்பிட ஊருக்குப் போவது குடும்ப வழக்கம். வீடு இருந்தவரை போனோம். வீடு போனபின், புதுக்கோட்டையில் விடுதியில் தங்கி, வாடகைக் காரில் போய்க் கும்பிட்டுவிட்டு மாலையே திரும்பினோம். அப்பத்தா அன்றிரவு சாப்பிடவில்லை. "போனோம் வந்தோம்னு இருக்கக் கூடாதுடா. அந்த ஊர்ல எனக்கு ரெண்டு நாளு விடியணும்" என்றார்.

அந்தச் சொல்தான் இவ்வளவுக்கும் காரணம். உறவினர் வீடுகள் இல்லாமல் இல்லை. ஆனால் முழங்கால் மடங்காத, இரவில் நான்கு முறை எழுந்திருக்க வேண்டிய, ஊசி மருந்து போட்டுக்கொள்ளும் ஒரு மூதாட்டியை யார் வீட்டிலும் மூன்று நாள் வைப்பது அவருக்கே கூச்சமாக இருக்கிறது. கோயிலுக்குப் பின்னால் புளியமரத்தடியில் எங்களுக்குப் பங்குள்ள பொட்டல் இருக்கிறது. அங்கே ஒரு வீட்டைக் கட்ட முடியாது; கொண்டுபோய் நிறுத்தலாம்.

செலவுக் கணக்குப் பார்ப்பவர்கள் இத்திட்டத்தை ஏற்க மாட்டார்கள். ஜாம்ஷெட்பூரிலிருந்து பகரகோடா, பாலேசுவரம் வழியாகக் கிழக்குக் கடற்கரை நெடுஞ்சாலையைப் பிடித்து, விசாகப்பட்டினம், விஜயவாடா, சென்னை என்று இறங்கி ஊர் போய்ச் சேர ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 9 கிலோமீட்டர் என்று கொண்டாலும் ஒரு வழிக்கே 220 லிட்டர் டீசல். நாளுக்கு 250 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுவதில்லை என்று முடிவு செய்திருப்பதால் எட்டு நாள் ஆகும். ரயில் இதைவிட மலிவு, விரைவு. எங்கள் மகன் இதைத் தொலைபேசியில் வாரந்தோறும் எடுத்துச் சொல்கிறான். அவன் சொல்வது அத்தனையும் சரி. அவன் ரயிலில் அப்பத்தாவைக் கழிப்பறைக்கு அழைத்துப் போனதில்லை என்பது மட்டுமே எங்கள் பதில்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறோம். ஏனெனில் இதைப் படித்துவிட்டு எவரேனும் நாளையே தகரத்தை வெட்டத் தொடங்கிவிடக் கூடாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை இன்னும் இறுக்கமாக விளக்கித் தீர்ப்பளித்தது. சரக்கு வண்டி என்று பதிவானதைத் தங்கும் வண்டியாக்க வேண்டுமாயின் பதிவு அதிகாரியின் ஒப்புதல் முதலில், ஆணி பிறகு. இத்தகைய வண்டிகளுக்கென்றே ஏ.ஐ.எஸ். 124 என்று தனித் தரநூல் ஒன்றும் உண்டு. நாங்கள் அளவு, எடை, படம் எல்லாவற்றுடனும் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறோம். எங்கள் படத்தைப் பார்த்த வாகன ஆய்வாளர் கேட்ட கேள்வி ஒன்றே: "வண்டி ஓடும்போது பின்னால் யார் இருப்பார்?" ஒருவரும் இருக்க மாட்டார் என்றோம். முன்னறையில் ஓட்டுநரோடு மூவர் அமரலாம், நாங்கள் மூவர். அதற்கு மேல் ஒருவரும் வர இயலாது என்பதைப் பேத்திக்கு விளக்குவதுதான் ஆய்வாளருக்கு விளக்கியதைவிடக் கடினமாயிருந்தது.

பதில் வரும்வரை வண்டியில் ஒரு துளையும் போடக் கூடாது. ஆகவே எங்கள் வீடு இதுவரை காகிதத்திலும் மொட்டைமாடியிலும் மட்டுமே இருக்கிறது. மொட்டைமாடியில் சுண்ணக்கட்டியால் கூண்டின் உள்ளளவைக் கோடிட்டோம். சுவர்ப்பூச்சுக்கு இருபுறமும் இரண்டிரண்டு அங்குலம் கழித்தால் நீளம் 9 அடி 8 அங்குலம், அகலம் 5 அடி 8 அங்குலம். எங்கள் உணவுமேசையை விடச் சற்றே பெரிய இடம் என்று முதல் நாள் தோன்றியது. மறுநாள் மாலை மூவரும் அக்கோடுகளுக்குள் மூன்று மணி நேரம் இருந்து பார்த்தோம். சமைப்பதுபோல் நின்றோம், படுப்பதுபோல் படுத்தோம், ஒருவரை ஒருவர் கடந்து போனோம். எதிர் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மையார் என்ன நினைத்தாரோ தெரியாது; மூன்றாம் நாள் அவரும் கோட்டுக்குள் வந்து நின்று, "இங்கே கதவு இடிக்கும்" என்று ஒரு பிழையைக் கண்டுபிடித்துச் சொன்னார்.

அந்தச் சுண்ணக்கோட்டில்தான் உண்மைகள் வெளிப்பட்டன. 5 அடி 8 அங்குல அகலத்தில் எங்களில் உயரமானவர் குறுக்கே படுக்க முடியாது. அப்பத்தா 4 அடி 10 அங்குலம். அவர் தாராளமாகக் குறுக்கே படுக்கலாம். ஆகவே முன்னறையை ஒட்டி 30 அங்குல அகலத்தில் அவருக்குக் குறுக்குக் கட்டில். எஞ்சிய நீளத்தில் இடப்பக்கம் ரயில்பெட்டியைப் போல் மேலும் கீழுமாக இரண்டு பலகைகள், 24 அங்குல அகலத்தில். மேற்பலகை எங்களில் இளைத்தவருக்கு; அவர் யார் என்பதில் இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது. வலப்பக்கம் 22 அங்குல ஆழத்தில் கழிப்பிடம், அலமாரி, அடுப்பு. நடுவே நடக்க 22 அங்குலம். இவ்வளவுதான் வீடு. முப்பது ஆண்டுகளாக வாடகை வீடுகளில் சேர்த்துவைத்த பொருள்களை எண்ணிப் பார்க்கையில், இத்தனை சிறிய இடத்துக்கு வேண்டியவை எவ்வளவு சிலவாக இருக்கின்றன என்பது வியப்பளித்தது. எனினும் இட்லிக் கொப்பரையை விட்டுக்கொடுக்க ஒருவரும் உடன்படவில்லை.

கழிப்பிடத்தின் இடத்தைப் பற்றி நடந்த விவாதம் பங்குச் சொத்து விவாதத்துக்குக் குறைந்ததன்று. முதற்படத்தில் அது அடுப்பை ஒட்டியிருந்தது. குழாய் வேலை சுருங்கும் என்பது எங்களில் இயந்திரம் அறிந்தவரின் வாதம். அப்பத்தா படத்தை வாங்கிக் கண்ணாடி அணிந்து பார்த்துவிட்டு, "ஏந்த்தா, சோறாக்குற எடத்துக்கும் அதுக்கும் நடுவுல ஒரு செவுரு வேணாமா?" என்று மருமகளைக் கேட்டார். கேட்பது மகனை என்பது எல்லாருக்கும் தெரியும். படம் திருத்தப்பட்டது. அடுப்பு பின்கதவின் ஓரம் போயிற்று. கழிப்பிடம் அவர் கட்டிலின் அருகே வந்தது. நடுவே 20 அங்குல அலமாரி முழுச்சுவராக நின்றது. திருத்திய பின்னரே அது எல்லா வகையிலும் மேலான ஏற்பாடு என்று புரிந்தது. இரவில் அவர் இரண்டடி நடந்தால் போதும். எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். பின்கதவோரம் 5 கிலோ உருளைக்குத் தனிப் பெட்டி செய்து, அதன் அடியில் வெளியே திறக்கும் துளை வைத்தால் கசிந்தது கீழே இறங்கிப் போய்விடும். சமைக்கும்போது கதவு திறந்தே இருக்கும். மூடிய கூண்டுக்குள் அடுப்பெரித்துக்கொண்டு உறங்குவது உயிருக்கு உலை என்பதால், குளிருக்காகக்கூட உள்ளே நெருப்பு வைப்பதில்லை என்று விதித்துக்கொண்டோம். கழிப்பிடத்துக்குக் குழாயே வேண்டாம் என்றும் முடிவாயிற்று. மூடியுள்ள வாளி, அதில் மரத்தூள், நீர்க்கழிவுக்குத் தனிக்கலம். மரத்தூள் தர மானகோவில் ஒரு மர அறுவை ஆலை இருக்கிறது.

எடைதான் இத்தொழிலின் இலக்கணம். சரக்கு வண்டிதானே, எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம் என்று எண்ணுவோர் உண்டு. சரக்கு ஒரு நாள் ஏறி மறுநாள் இறங்கும். வீடு இறங்குவதே இல்லை. வண்டியை எடைமேடையில் ஏற்றி, முன் சக்கரங்களைத் தனியாகவும் முழு வண்டியைத் தனியாகவும் நிறுத்து, எந்த அச்சில் எவ்வளவு பாரம் என்று குறித்துக்கொண்டோம். எல்லாமாக 900 கிலோவுக்கு மேல் ஏற்றுவதில்லை என்று வரம்பு கட்டியிருக்கிறோம். 8 அடிக்கு 4 அடிப் பலகை 18 மில்லிமீட்டர் கனத்தில் ஏறக்குறைய 35 கிலோ. 12 மில்லிமீட்டரில் 23 கிலோ. ஒன்பது பலகைகள் தேவை. மெல்லியதைத் தேர்ந்து, வளையும் இடங்களில் மட்டும் சட்டம் கொடுத்தால் நூறு கிலோ மிச்சமாகிறது. அந்த நூறு கிலோதான் எங்கள் தண்ணீர். ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் என்று கொண்டால் 100 லிட்டர் தொட்டி இரண்டு நாளுக்கு வரும். குளியல் பெட்ரோல் நிலையங்களின் குழாயடியில். பின்னச்சுக்கு நெருக்கமாக, கீழ்ப்பலகையின் அடியில், இடப்பக்கம் தொட்டி. வலப்பக்கம் அடுக்களையும் குளிர்பெட்டியும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்யும். அரைத் தொட்டித் தண்ணீர் வளைவுகளில் அலைமோதி வண்டியை ஆட்டும் என்பதால் தொட்டியினுள் துளையிட்ட தடுப்புகள் வைக்க வேண்டும். நண்பர் ஒருவர் கூண்டைப் பின்புறம் மூன்றடி நீட்டிக்கொள்ளச் சொன்னார். பின் நீட்சி இரு அச்சுகளின் இடைத்தூரத்தில் நூற்றுக்கு 60 பங்கைத் தாண்டக் கூடாது என்பது விதி. விதி இல்லாவிட்டாலும் செய்ய மாட்டோம். பின்னச்சுக்கு அப்பால் பாரம் கூடக்கூட முன் சக்கரம் இலேசாகி, ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேட்காது.

மின்சாரத்தில் நாங்கள் புதியவர்கள் அல்லர். அதில் மட்டும் எவரிடமும் யோசனை கேட்கவில்லை. கணக்கு குளிர்பெட்டியில் தொடங்குகிறது. அதற்குக் காரணம் பாலோ தயிரோ அன்று, அப்பத்தாவின் இன்சுலின். திறக்காத மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ரயிலில் பனிக்கட்டி போட்ட குடுவையில் அதை மடியில் வைத்துக்கொண்டு இரவெல்லாம் விழித்திருந்ததுண்டு. சிறு குளிர்பெட்டிக்கு நாளைக்கு 500 வாட்-மணி, இரண்டு மின்விசிறிகளுக்கு 450, விளக்குக்கும் தொலைபேசிக்குமாக 120, மாவரைக்கும் கிரைண்டருக்கு இருபது நிமிடத்துக்கு வெறும் 50. கூரையில் 400 வாட் சூரியத் தகடு இருந்தால் இழப்பெல்லாம் போக ஏறக்குறைய 1,200 கிடைக்கும். பழைய அமில மின்கலம் 150 ஆம்பியர்-மணியுடையது ஒன்றே 50 கிலோவுக்கு மேல். அதிலும் பாதியைத்தான் நிம்மதியாகச் செலவிடலாம். லித்தியம் பாஸ்பேட் வகையில் 100 ஆம்பியர்-மணி கலம் இரண்டு சேர்ந்தும் 30 கிலோவை எட்டாது. வெயில் இல்லாத இரண்டு நாளைத் தாங்கும். விலை கூடுதல்தான். எடைமேடையில் நின்றவர்களுக்கு அந்த விலை உறுத்தாது. மின்னடுப்பு மட்டும் வேண்டாம். ஒரு வேளைச் சமையலில் அது எல்லாவற்றையும் குடித்துவிடும்.

தகரக் கூண்டின் வெப்பத்தைப் பற்றிப் பலரும் எச்சரித்தார்கள். மாசியில் போய்ப் பங்குனிக்குள் திரும்பிவிட எண்ணம். ஆயினும் ஆந்திரத்தின் பகல் எந்த மாதத்திலும் பகல்தான். கூரைக்கு வெள்ளைப் பூச்சு, அதன்மேல் சூரியத் தகட்டின் நிழல், உள்ளே ஒட்டும் பஞ்சுத் தகடு, உச்சியில் காற்றை வெளியேற்றும் விசிறி, தரையோரம் காற்று நுழையும் வலைத்துளை. இவற்றுக்கு மேல் ஒரு வேப்பமரம் கிடைத்தால் போதும்.

கூண்டு கட்டும் மிஸ்திரியிடம் ஒரு மாலை முழுதும் உட்கார்ந்து பேசினோம். ஆதித்யபூரில் இருக்கும் சீக்கியர். நாமக்கல், சங்ககிரி, கரூர் என்று நம் நாட்டுப் பட்டறைகளின் பெயர்களையெல்லாம் மரியாதையோடு சொன்னார். "வண்டியின் சட்டம் முறுக்கும், உங்கள் வீடு முறுக்காது, இரண்டையும் இறுக்கிக் கட்டினால் எது முதலில் உடையும்?" என்று கேட்டார். மேடுபள்ளத்தில் ஒரு சக்கரம் ஏறி மற்றொன்று இறங்கும்போது சேஸிஸ் துணி பிழிவதுபோல் திருகும். பின்புறம் இறுக்கியும் முன்புறம் சுருள்வில்லின்மேல் நெகிழ்த்தியும் கூண்டை வைத்தால் திருகல் மேலே ஏறாது. உள்ளே வைக்கும் அலமாரிகளும் தரையிலும் சுவரிலும் ஒருசேரப் பிணைக்கப்படக் கூடாது; ரப்பர் வட்டைகளின்மேல் நிற்க வேண்டும். வில்பட்டைகளில் ஒன்றைக் கழற்றிவிட்டால் ஆட்டம் குறையுமா என்று கேட்டோம். கழற்ற வேண்டாம், பாரம் ஏறினால் தானாக மெத்தென்றாகும் என்றார். வெறும் வண்டிதான் எலும்பை எண்ணும். இந்தக் கடைசிச் செய்தியைக் கேட்டு அப்பத்தா மகிழ்ந்தார். மிஸ்திரி அவரை 'மாதாஜி' என்றழைத்து, எவ்வளவு உயரம் காலெடுத்து வைக்க முடியும் என்று வினவினார். நாங்கள் அதுவரை அதைக் கேட்கவே தோன்றாமல் தொட்டியையும் கலத்தையும் அளந்துகொண்டிருந்தோம்.

வீட்டுக்கு வந்து செங்கல் அடுக்கிப் பார்த்தோம். ஒரு செங்கல் மூன்றங்குலம். இரண்டு செங்கல் உயரம், கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏறினார். மூன்றில் முழங்கால் மறுத்தது. ஆக, படி ஆறங்குலத்துக்கு மேல் கூடாது. கூண்டின் தளம் தரையிலிருந்து 36 அங்குலம். ஆறு ஏற்றங்கள், ஐந்து படிகள். படிக்குப் பத்தங்குல அகலம் என்றால் படிக்கட்டு நான்கடிக்கு மேல் வெளியே நீளும். மடக்கித் தளத்தின் அடியில் செருகிவைக்க வேண்டும்; இருபுறமும் கைப்பிடி வேண்டும்; எங்களில் எவரும் ஒரு கையால் தூக்கும்படி இருக்கவும் வேண்டும். அலுமினியத்தில் செய்தோம், 14 கிலோ வந்தது. வண்டியைத் தொடாத பொருளாதலால் அதற்கு ஒருவருடைய அனுமதியும் தேவையில்லை. திட்டத்தில் இதுவரை முடிந்திருப்பது அது ஒன்றே.

மாசிக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. ஒப்புதல் ஐப்பசிக்குள் வந்தால் மரவேலைக்கு எட்டு வாரம் போதும் என்கிறார் மிஸ்திரி. மருத்துவர் அப்பத்தாவின் கணுக்கால் வீக்கத்தைப் பார்த்துவிட்டு, போவதாயிருந்தால் இந்த ஆண்டே போய் வாருங்கள் என்றார். அதை அவரிடம் நாங்கள் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து மாலைதோறும் படிக்கட்டை வைக்கச் சொல்கிறார். ஐந்து படியும் ஏறி, வெறுங்கூண்டுக்குள் மடக்கு நாற்காலியில் அரைமணி நேரம் அமர்ந்துவிட்டு இறங்குகிறார். ஏறப் பழகிக்கொள்வதாகச் சொல்கிறார்.

நேற்று உள்ளிருந்தபடியே ஒரு கேள்வி கேட்டார். குறுக்குக் கட்டிலில் தலைமாடு எந்தப் பக்கம்? வண்டியின் இடப்பக்கம் என்றோம். "அப்பன்னா வண்டி கெழக்கப் பாத்து நின்னா, நான் வடக்க தலை வச்சுல்ல படுக்கணும்?" என்றார். உண்மைதான். 900 கிலோவுக்கும் கணக்குப் பார்த்த எங்களுக்கு அது எட்டவில்லை. கோயில் பொட்டலில் மேற்கு நோக்கி நிறுத்துவதென்றும், அப்போது அவருக்குத் தெற்கே தலை வருமென்றும், பின்கதவைத் திறந்தால் விடியும் பக்கம் நேரே தெரியுமென்றும் படத்தின் ஓரத்தில் அம்புக்குறியிட்டு எழுதிவைத்திருக்கிறோம்.